திரை வழியே மனக்காயச் சிகிச்சை: கூடாது என்றுதான் முதலில் சொன்னேன்

வாசகர் கருத்து, 4 ஏப்ரல் 2020

மூன்று வாரமாக எல்லாமே காணொளி அழைப்பில்தான் நடக்கிறது. பதற்றம், தூக்கமின்மை, வீட்டுச் சண்டை இவற்றுக்கெல்லாம் பேசலாம், சரி. ஆனால் வன்முறையிலும் விபத்திலும் சிறுவயதுக் கொடுமையிலும் காயப்பட்டவர்களின் நினைவுகளைத் திரை வழியாகக் கிளறுவது பொறுப்பில்லாத வேலை. ஆள் நம் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. பெருந்தொற்று முடியும்வரை ஆறுதல் பேச்சோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மறுப்பவர்கள் காரணம் சொல்லலாம்.

5 ஏப்ரல் 2020

மனக்காயச் சிகிச்சை செய்பவள் நான். மறுக்க வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் மார்ச் 11 அன்று பெருந்தொற்று என்று அறிவித்த வாரமே என் சிகிச்சை அறையைப் பூட்டினேன். அன்றிலிருந்து யாருடைய நினைவையும் நான் தொடவில்லை. மூச்சு, தூக்கம், அன்றாட ஒழுங்கு, அவ்வளவுதான். இந்தச் சிகிச்சைக்கு மூன்று கட்டங்கள் உண்டு என்பது பிரெஞ்சு உளவியலாளர் பியேர் ஜானே காலத்திலிருந்து வரும் பேச்சு. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் அதைத் தெளிவாக வகுத்தார்: முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகூர்ந்து துக்கப்படுவது, அதன்பின் மனிதர்களோடு மீண்டும் சேர்வது. முதல் கட்டமே ஆட்டம் காணும் நாட்களில் இரண்டாவதற்கு எப்படிப் போவது?

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பாதியில் நின்றவர்களை என்ன செய்வது? ஆறு அமர்வுகளாக ஒரு விபத்தைப் பற்றிப் பேசி, அதன் மிக மோசமான நிமிடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய் "ஆழமாக மூச்சு விடுங்கள், மற்றது பிறகு" என்கிறேன். கட்டைப் பிரித்துவிட்டு மருந்து போடாமல் எழுந்துபோவதைப் போல இருக்கிறது.

இங்கே நான் எழுதும் ஆட்கள் எல்லோரும் அடையாளம் மாற்றப்பட்டவர்கள். சிலர், இரண்டு மூன்று பேரைச் சேர்த்து ஒருவராக்கியவர்கள். தேடாதீர்கள்.

5 ஏப்ரல், இரவு

"இதற்கு ஆய்வே கிடையாதே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. பெருந்தொற்றுக்கு வெகு முன்பே உண்டு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களிடம் லெஸ்லி மோர்லாண்டின் குழு செய்த ஆய்வு 2014இல் வந்தது: 125 பேர், ஹவாய்த் தீவுகளில், குழுச் சிகிச்சை. நேரில் நடத்தியதைவிடக் காணொளியில் பலன் குறையவில்லை. ரான் அசியெர்னோ குழுவின் ஆய்வு 2017இல் வந்தது: 132 பேர், அதிர்ச்சி நினைவை நேருக்கு நேர் எதிர்கொள்ளவைக்கும் சிகிச்சை. அதிலும் அதே முடிவு.

ஆனால் முதல் ஆய்வைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். படைவீரர்கள் ஒரு மருத்துவமனைக்கு வந்து, அங்கே ஒரு அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார்கள். யாராவது மயங்கி விழுந்தால் பக்கத்து அறையில் ஆள் உண்டு. இரண்டாவதுதான் நம் நிலைமைக்கு நெருக்கம். அதில் அவரவர் வீட்டில் இருந்தார்கள். அந்த வீடுகளிலும் இப்போதுபோல இருபத்து நான்கு மணி நேரமும் எல்லோரும் அடைந்து கிடக்கவில்லை. ஆகவே என் பதில் இன்னும் "கூடாது"தான். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

14 ஏப்ரல் 2020

திரையில் எனக்குத் தெரிவது தலையும் கழுத்தெலும்பும். என் அறையில் நான் முதலில் பார்ப்பது கால்களை. வாய் "பரவாயில்லை" என்று சொல்லும்போது குதிகால் தரையைத் தட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தட்டல் சட்டென்று நின்றால் அது இன்னும் மோசம். ஆள் உள்ளுக்குள் எங்கோ கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். இப்போது கால்களே இல்லாத மனிதர்களோடு வேலை செய்கிறேன்.

நேற்று ஒரு பெண். நினைவுகளைத் தொடாத, சாதாரணமான அமர்வு. எதையோ சொல்லிக்கொண்டிருந்தவர் நடுவில் நின்றார். முகம் அசையவில்லை, கண் ஒரே இடத்தில். இணைப்பு நின்றுவிட்டது என்று எரிச்சலோடு என் ரவுட்டரைப் பார்க்க எழுந்தேன். திரும்பி உட்கார்ந்தபோதும் அதே முகம். அப்போதுதான் அவருக்குப் பின்னால் இருந்த சுவர்க்கடிகாரம் கண்ணில் பட்டது. நொடி முள் ஓடிக்கொண்டிருந்தது.

இணைப்பில் ஒரு கோளாறும் இல்லை. உறைந்து போயிருந்தவர் அவர்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இன்று என்ன கிழமை, நான் யார், அவர் எந்த அறையில் இருக்கிறார் என்று அடுக்கினேன். கால் பாதங்களைத் தரையில் அழுத்தச் சொன்னேன். அழுத்தினாரா என்று பார்க்க வழியில்லை. நேரில் என்றால் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தியிருப்பேன், மேசையில் ஒரு தட்டுத் தட்டியிருப்பேன், ஜன்னலைத் திறந்திருப்பேன். இங்கே என்னிடம் இருந்தது குரல் ஒன்றுதான். கடிகாரத்தில் பதினோரு நிமிடம் ஆயிற்று. "மேடம், நீங்கள் நடுவில் எழுந்து போனீர்களா?" என்று கேட்டபடி திரும்பி வந்தார்.

போயிருந்தேன். ஒத்துக்கொண்டேன்.

15 ஏப்ரல்

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, நான் சொன்னதுதான்" என்று முதல் கருத்தை எழுதியவர் எழுதியிருக்கிறார். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. நாங்கள் பேசியது மளிகைச் சாமான் பற்றியும் தூக்கம் பற்றியும்தான். நினைவுகளைத் தொடாமல் இருந்தால் அவை வராது என்பது சிகிச்சையாளரின் ஆசை. அவை வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆறுதல் பேச்சோடு நிறுத்திக்கொண்டதால் அவர் பத்திரமாக இருக்கவில்லை. நான்தான் ஆயத்தமில்லாமல் இருந்தேன்.

2 மே 2020

தயங்கித் தயங்கி இரண்டு பேரிடம் நினைவுப் பணியை, அதாவது காயத்தின் நினைவை எதிர்கொள்ளவைக்கும் வேலையை, தொடங்கிவிட்டேன். அதற்கு முன் செய்துகொண்ட ஏற்பாடுகளைக் கேட்டிருந்தீர்கள்.

ஒவ்வொரு அமர்வின் முதல் கேள்வியும் "இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" என்பதுதான். பதிவேட்டில் இருக்கும் முகவரி போதாது. இந்த நிமிடத்து முகவரி வேண்டும். அழைப்பு அறுந்தால் யார் யாரைக் கூப்பிடுவது, எத்தனை நிமிடம் காத்திருப்பது, அதன்பின் நான் யாருக்குத் தகவல் சொல்லலாம் என்பதெல்லாம் முன்கூட்டியே பேசி முடிவான விஷயங்கள். கேமராவை மூன்றடி தள்ளி வைக்கச் சொல்கிறேன். முகம் சிறிதாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, கைகளும் முழங்கால்களும் வேண்டும். பின்னால் கடிகாரம் இருந்தால் அதையும் திரையில் தெரியும்படி விடச் சொல்கிறேன். ஒருவர் தன் பூனையைக் காட்டி இது போதுமா என்றார். பூனை அமர்வு முழுக்க அசையாமல் தூங்கியது, தகுதியிழப்பு.

படுக்கையில் உட்கார்ந்து நினைவுப் பணி வேண்டாம். இரவில் அதே இடத்தில்தான் படுக்க வேண்டும்.

இப்போது கனமான பகுதி. காயப்படுத்தியவர் அடுத்த அறையில் இருக்கும் வீடுகளும் உண்டு. அங்கே நினைவுப் பணி கிடையாது, பேச்சே பாதுகாப்பைப் பற்றித்தான். ஹெட்போன் அவசியம், என் கேள்விகளை ஆம், இல்லை என்ற பதிலுக்குள் அடக்கிவிடுவேன். கனடா மகளிர் அறக்கட்டளை சென்ற மாதம் ஒரு கைச்சைகையைப் பரப்பியது: உள்ளங்கையைக் கேமராவுக்குக் காட்டி, கட்டை விரலை மடக்கி, மற்ற விரல்களால் அதை மூடுவது. நல்ல முயற்சி. ஆனால் எல்லோருக்கும் தெரிந்த சைகை அடுத்த அறையில் இருப்பவருக்கும் தெரிந்திருக்கும். எனவே ஒவ்வொருவரோடும் தனித்தனியாக ஒரு வாக்கியம் பேசி வைத்துக்கொள்கிறோம், ஏதோ அலுவலகக் கணக்கைக் கேட்பது போன்ற வாக்கியம். அதைச் சொன்னால் நான் உடனே காப்பீட்டு முகவராக மாறிவிட வேண்டும். இருமுறை மாறியிருக்கிறேன். சுமாராகத்தான் நடிக்கிறேன்.

3 மே

படுக்கை வேண்டாம் என்று எழுதியது, தனி வேலை அறை உள்ளவர்களுக்கு மட்டும் பொருந்தும் அறிவுரை என்று மூன்று பேர் கண்டித்திருக்கிறார்கள். நியாயம்தான். தாழ்ப்பாள் உள்ள ஒரே அறை படுக்கையறை என்றால் வேறு எங்கே போவார்கள்? திருத்திக்கொள்கிறேன்: கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்காரலாம், அமர்வுக்கென்று ஒரு விரிப்பை விரித்து, முடிந்ததும் மடித்து வைக்கலாம். குளியலறை எதிரொலிக்கும், ஆனாலும் நடந்திருக்கிறது. நிறுத்திய கார் நல்ல இடம். "நிறுத்திய" என்ற சொல்லைக் கவனிக்கவும். ஒருவர் சிக்னலில் நின்றுகொண்டு அழைத்தார். பச்சை விழுந்ததும் ஹாரன் சத்தம் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது.

20 ஜூன் 2020

இணைய வசதி போதாமல், வெறும் தொலைபேசியில் மட்டும் வருபவர்கள் நான்கு பேர். குறைந்த சிகிச்சை என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது அவர்களுடைய மூச்சை நேரில் கேட்டதைவிட நன்றாகக் கேட்கிறேன். மைக் வாயருகில் இருக்கிறது. வெட்கம் மிகுந்த விஷயங்கள் முகம் தெரியாத வழியில்தான் சீக்கிரம் வெளியே வருகின்றன.

சிக்கல் மௌனத்தில். உரையாடலில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி, சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. இணைப்பின் தாமதம் அந்த இடைவெளியைக் கெடுத்துவிடுகிறது. நான் யோசிக்கிறேனா, தயங்குகிறேனா, அருவருப்பு அடைகிறேனா என்று எதிர்முனையில் இருப்பவர் எடைபோடத் தொடங்கிவிடுகிறார். அதிலும் ஆபத்தை மோப்பம் பிடித்தே வளர்ந்தவர்கள். மிகப் பெரிய விஷயம் ஒன்றைச் சொல்லி முடித்த பெண், என் பதில் ஒரு கணம் தாமதித்ததற்கு "சொல்லியிருக்கக் கூடாது, மன்னியுங்கள்" என்றார். அதன்பின் எல்லோரிடமும் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: நான் பேசாமல் இருக்கும்போது "ம்" என்று ஒரு ஒலி வரும், அது வந்தால் இருக்கிறேன் என்று பொருள்.

11 ஆகஸ்ட் 2020

இ.எம்.டி.ஆர். பற்றிக் கேட்டவருக்கு. அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷாபிரோ 1987இல் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது கண்டுகொண்டதாகச் சொன்ன முறை: வேதனை தரும் நினைவை மனத்தில் வைத்துக்கொண்டே கண்களை இடவலமாக அசைப்பது. அவர் 2019இல் காலமானார். திரையில் ஒரு பந்தை ஓடவிட்டு இதைச் செய்யும் நிரல்கள் இருக்கின்றன. லேப்டாப் என்றால் ஒருவாறு நடக்கும்; கைபேசித் திரையில் கண் அசைய இடமே இல்லை. இணைப்பு திணறினால் பந்தும் திணறும். ஒருமுறை பந்து நடுவில் நின்றுவிட, அவர் கண்களும் மூக்குக்கு நேரே நின்றுவிட்டன. இருவரும் சிரித்துவிட்டோம். அந்த நினைவை வைத்துக்கொண்டு அவர் சிரித்தது அதுவே முதல்முறை. அதைப் பலன் என்று கணக்கில் எழுதலாமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

நான் இப்போது செய்ய வைப்பது பட்டாம்பூச்சி அணைப்பு. கைகளைக் குறுக்காக மார்பில் வைத்து, தோள்களுக்குக் கீழே இடம் வலமாக மாறி மாறித் தட்டுவது. மெக்சிகோவின் அகாபுல்கோவில், 1997ஆம் ஆண்டுப் பாலின் சூறாவளியில் தப்பியவர்களோடு வேலை செய்தபோது லூசினா ஆர்ட்டிகாஸ் உருவாக்கியது. அங்கே ஆட்கள் அதிகம், சிகிச்சையாளர்கள் குறைவு. அதனால் அவரவரே தட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. திரையும் அதே கட்டாயத்தைத்தான் உண்டாக்குகிறது. ஏன் வேலை செய்கிறது என்பதில் சண்டை ஓயவில்லை. நினைவைப் பிடித்துக்கொண்டே இன்னொரு வேலையும் செய்தால் மனத்தின் தற்காலிக நினைவகம் நிரம்பி, அந்தக் காட்சியின் கூர்மை மழுங்குகிறது என்பது ஒரு விளக்கம். அது சரியென்றால் பந்தாக இருந்தாலென்ன, தோளாக இருந்தாலென்ன.

30 அக்டோபர் 2020

ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மே மாதத்தில் தனிப்பட்ட முறையில் சிலருக்கு "என்னிடம் வருபவர்கள் பலர் ஊரடங்கில் தேறுகிறார்கள்" என்று எழுதினேன். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனப் பாதிப்பை அளக்க பி.சி.எல். 5 என்ற படிவம் இருக்கிறது. 20 கேள்விகள், 0 முதல் 80 வரை மதிப்பெண்; எண் கூடினால் பாதிப்பு அதிகம். கூட்டத்தைக் கண்டால் நடுங்கும் ஒருவருக்கு எண் சரசரவென்று இறங்கியது. சிகிச்சையின் பலன் என்று மகிழ்ந்தேன்.

சிகிச்சையால் அல்ல. அவருடைய நோயின் பாதி, விலகி ஓடுவது. கூட்டத்துக்குப் போகாதே, யாரையும் தொடாதே, கதவைத் திறக்காதே என்று உள்ளே ஒரு குரல் பல வருடமாகச் சொன்னதை இப்போது அரசாங்கமும் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னது. உலகமே அவருடைய விதிகளின்படி நடக்கத் தொடங்கியது, அவருக்கு நிம்மதி. கட்டுப்பாடுகள் தளர்ந்த மூன்றாவது வாரம் எண் பழைய இடத்துக்கு ஏறிவிட்டது.

உளவியலாளர் எட்னா ஃபோவா வகுத்த சிகிச்சை முறையில் இரண்டு வேலைகள் உண்டு. நினைவை மனத்தில் திரும்பத் திரும்ப எதிர்கொள்வது ஒன்று. பயந்து ஒதுக்கிய இடங்களுக்கு நேரில் போவது மற்றொன்று. முதலாவது தொலைவிலிருந்து நன்றாகவே நடக்கிறது. இரண்டாவதுதான் விழிபிதுங்க வைக்கிறது. கூட்டத்துக்குப் போ என்று சொல்ல என் மனசாட்சி இடம் தரவில்லை. இந்த முறை அங்கே உண்மையாகவே ஆபத்து இருக்கிறது. கடைசியில் கைபேசியில் என்னை அழைத்தபடி ஆளில்லாத தெருவில் நடந்தார். தெருமுனை வரை. மறுநாள் அடுத்த தெருமுனை. யோசித்துப் பார்த்தால், அவர் பயந்த தெருவில் நான் அவரோடு நடந்தது அதுதான் முதல்முறை. என் அறையில் உட்கார்ந்திருந்த காலத்தில் அந்தத் தெரு எப்படியிருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

9 மார்ச் 2021

சிகிச்சையாளர்கள் தங்களைப் பற்றி எழுதக் கூடாது என்று பயிற்சியில் சொல்லித்தருவார்கள். ஜனவரியில் எனக்கும் காய்ச்சல். பதினாறு நாள். திரும்பி வந்து முதல் அமர்வில் இருமியபோது எதிரே இருந்தவர் முகம் வெளுத்தது. என் உடல்நிலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியிருந்தது, அளவாக. காயப்படுத்தும் அதே நிகழ்வுக்குள் இருவரும் இருக்கும்போது "நான் வெளியே நிற்பவள்" என்ற பாவனை ஒட்டாது.

இன்னொரு தொல்லை, நாள் முழுக்க என் முகத்தையே பார்ப்பது. ஒருவர் தன் குழந்தை இறந்ததைச் சொல்கிறார்; என் கண் மூலையில் ஒரு சிறு கட்டத்தில் நான் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தலையாட்டல் போலியாகத் தெரிகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லென்சன் சென்ற மாதம் காணொளிச் சோர்வுக்கான காரணங்களில் ஒன்றாக இதைச் சொல்லியிருக்கிறார். என் கட்டத்தை மறைத்துவிட்டேன். வருபவர்களிடமும் மறைக்கச் சொல்கிறேன்; தன் முகத்தையே வெறுப்பவர்கள் உண்டு.

மருத்துவமனைச் செவிலியர்களுக்கு ஒரே ஒரு கூட்டுக் கலந்துரையாடல் வைத்து எல்லாவற்றையும் கொட்டச் சொல்லலாமா என்று ஒரு நிர்வாகம் கேட்டது. வேண்டாம் என்றேன். அதிர்ச்சிக்குப் பின் ஒரே அமர்வில் விவரங்களைச் சொல்ல வைப்பது பிற்காலப் பாதிப்பைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் தொகுப்பாய்வு 2002லேயே சொல்லிவிட்டது. "அதிர்ச்சிக்குப் பிந்தைய" பாதிப்பு என்கிறோம். இவர்களுக்கு இன்னும் எதுவும் பிந்தவில்லை, இன்று இரவு மீண்டும் அதே வார்டு. தூக்கமும் மாற்று ஆளும் கொடுங்கள் என்றேன். மறுபடி அழைக்கவில்லை.

27 ஜூன் 2021

எல்லாவற்றையும் எழுதினேன், வீட்டுக்குத் திரும்பும் வழியை மட்டும் மறந்துவிட்டேன்.

விபத்து நினைவோடு பாதியில் நின்றவர் என்று முதல் குறிப்பில் எழுதினேனே, அவர் சொல்லித்தான் தெரிந்தது. "உங்கள் அறையிலிருந்து வீட்டுக்கு நாற்பது நிமிடம் பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்றுமே செய்ய மாட்டேன். இறங்கும்போது சாதாரண மனிதனாக இருப்பேன். இப்போது லேப்டாப்பை மூடுகிறேன், கதவைத் திறக்கிறேன், என் மகள் கணக்குப் பாடத்தோடு நிற்கிறாள். நாலு விநாடி."

அந்த நாற்பது நிமிடத்தில் என் பங்கு ஒன்றுமில்லை. இத்தனை வருடமாக அந்த வேலையைச் செய்தது ஒரு பஸ் ஓட்டுநர்.

இப்போது அமர்வின் கடைசிக் கால் மணி நேரத்தில் நினைவைத் தொடுவதில்லை. நேரத்தோடு மூடிவிடுகிறோம். அழைப்பை முடித்ததும் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகிறார், இருபது நிமிடம் நடந்துவிட்டு வீட்டுக்கு "வருகிறார்". அமர்வுக்கு முன்னும் அப்படியே. மகளுக்கு "அப்பா ஒரு வேலையாகப் போய் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பி, ஒரு சுற்றுச் சுற்றி, பின்வாசல் வழியாக நுழைகிறார். மகளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறேன். பின்வாசல் தாழ்ப்பாளைத் திறந்து வைப்பதே அவள்தான்.

18 பிப்ரவரி 2022

அறையைத் திறந்துவிட்டேன். இருவருக்கும் முகக்கவசம். திரையில் பாதி உடம்பைத்தான் பார்த்தேன் என்று புலம்பினேன் அல்லவா, இப்போது முழு உடம்பும் பாதி முகமும். உதடு நடுங்குவது தெரியவில்லை. திரை முழு முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது என்று அப்போது எழுதத் தோன்றவில்லை.

மூன்று பேர் திரும்பி வர மறுத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் விளக்கினார்: "உங்கள் அறையில் கதவு உங்கள் பக்கம். திரையில் நான் எப்போது வேண்டுமானாலும் அழைப்பை அணைத்துவிடலாம். ஒருமுறைகூட அணைத்ததில்லை. அந்தப் பொத்தான் இருந்ததால்தான் அவ்வளவும் சொன்னேன்." தப்பிக்க வழியில்லாமல் காயப்பட்டவரிடம், கதவை மறித்து உட்காராதே என்று முதல் வருடப் பாடத்திலேயே சொல்லித்தருகிறார்கள். என் நாற்காலி பதினான்கு வருடமாகக் கதவருகில்தான் இருந்தது. அன்று மாலையே மாற்றிப் போட்டேன்.

முதல் கருத்தை எழுதியவருக்கு: நான் அன்று உங்களோடு சேர்ந்து "கூடாது" என்றேன். இன்று சொல்வதானால், அடுத்த அறையில் காயப்படுத்தியவர் இருந்தால் கூடாது. உறைந்து போகும்போது திரும்ப அழைக்க வழி பேசி வைக்காமல் கூடாது. முடிந்தபின் போக இருபது நிமிடத் தெரு இல்லாமல் கூடாது. மற்றபடி செய்யலாம். கைக்கெட்டும் தூரம் என்றீர்கள். நேரிலும் நான் யாரையும் தொட்டதில்லை.

19 பிப்ரவரி

கடிகாரப் பெண் என்ன ஆனார் என்று பலர் கேட்கிறீர்கள். நேற்று நேரில் வந்தார். நான் நினைத்ததைவிட உயரம். என் அறையில் கடிகாரம், வருபவரின் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. நான் நேரம் பார்ப்பது அவர்களுக்குத் தெரியக் கூடாது என்ற பழைய ஏற்பாடு. அவர் நாற்காலியைத் திருப்பி அதைப் பார்க்கும்படி உட்கார்ந்துகொண்டார். இப்போது எனக்கு நேரம் தெரியவில்லை. பத்து நிமிடம் கூடுதலாகப் போயிற்று.

2 மார்ச் 2022

புளூடூத் ஹெட்போன் போடலாமா என்று கேட்டவருக்கு: இல்லை, வேண்டாம். நடுவில் சார்ஜ் தீர்ந்து, வீட்டுக்கே கேட்கும்படி என் குரல் ஒலிபெருக்கியில் வந்திருக்கிறது. கம்பி உள்ளதே போதும்.